வட்டத்துக்குள் நின்ற ராஜாவும் மஞ்சள் கடுதாசியும்



போன வாரம் நம் குழுவில் ஒருவர் யாரையோ பற்றி "அவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டானாம்" என்று போட்டிருந்தார். இருபது பேர் சிரிக்கும் பொம்மை போட்டீர்கள். அன்று ராத்திரியே உங்களில் இரண்டு பேர் தனித்தனியாக எனக்குப் போன் செய்து, "சார், அதுன்னா சரியா என்னங்க சார்?" என்று கேட்டார்கள். இருவருமே சிரிக்கவில்லை. யார் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரமாகத்தான் பதில் வரும். நீளமாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ராஜா கதை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ நம் கடற்கரைப் பக்கம் வந்தார். ஒன்பதாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அரபு வணிகர்கள் 'மாபார்' என்று சொன்ன பாண்டிய நாட்டைப் பற்றி அவர் எழுதியதில் முத்துக்குளிப்பும் குதிரை வியாபாரமும்தான் பரீட்சைக்கு வரும். பரீட்சைக்கு வராத ஒன்றும் இருக்கிறது. அந்த நாட்டில் கடன் வாங்கியவன் "இன்று நாளை" என்று இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் சமயம் பார்த்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவானாம். பணத்தைக் கொடுக்காமல், அல்லது பிணை காட்டாமல், அவன் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒருநாள் ராஜாவே குதிரை மேல் போய்க்கொண்டிருந்தார். அவரும் ஒரு வெளிநாட்டு வணிகருக்குப் பாக்கி. பலமுறை தவணை சொல்லியிருந்தார். வணிகர் ராஜாவையும் குதிரையையும் சேர்த்து வட்டம் போட்டுவிட்டார். ராஜா குதிரையை நிறுத்தி, பணம் பட்டுவாடா ஆகும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை என்கிறார் போலோ.

வகுப்பில் இதைச் சொன்னால் "நேர்மையான ராஜா" என்று நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்கு வேறொன்றுதான் தோன்றும். ராஜாவுக்கு அரண்மனையில் பணம் இருந்தது, ஆள் அனுப்பினால் வந்துவிடும். பணமே இல்லாத ஒரு நெசவாளி அந்த வட்டத்துக்குள் நின்றிருந்தால்? போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு என்ன பலம் இருக்கிறது? ஊர் பார்க்கிறது என்பதில்தான் அதன் பலமே இருக்கிறது. மரண தண்டனை அப்புறம்தான்.

வடக்கே இதற்கு வேறு வடிவம். 'தர்ணா' என்றால் இன்று கட்சிக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவது. பழைய நாளில் கடன் கொடுத்தவன், அல்லது அவன் அனுப்பிய ஆள், கடன்காரன் வீட்டு வாசலில் பட்டினி கிடந்து உட்காருவதுதான் தர்ணா. அவன் செத்தால் பாவம் வீட்டுக்காரனுக்கு. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 508-ஆம் பிரிவு இதைக் குற்றம் என்றது. தெய்வ கோபத்துக்கு ஆளாக்குவேன் என்று பயமுறுத்துவதற்கு உதாரணமாகவே தர்ணா உட்காருவதைக் காட்டியிருந்தார்கள். கடன் வசூலுக்கு மானத்தை ஆயுதமாக்குவது எவ்வளவு பழைய வழக்கம் என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது நம் ஊர்க்கதைக்கு வருகிறேன். என் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், தாராபுரம் பக்கம் மேட்டுக்காட்டு விவசாயி. கோயமுத்தூர் ஜில்லாவில் ஆறு கொஞ்சம், கிணறு அதிகம். எருது பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர். (இறைக்கிற கவலையும் மனசுக் கவலையும் ஒரே சொல்லாக நம் பக்கத்தில் எப்படி வந்ததோ!) அப்பாரு 1925-இல் கிணறு வெட்ட 400 ரூபாய் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கினார். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. அன்றைக்கு அது அநியாய வட்டி இல்லை. கிணற்றில் பாறை வந்தது. தண்ணீர் வரவில்லை.

புரோநோட்டுக்கு மூன்று வருஷம்தான் உயிர். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதி. எனவே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, வட்டியையும் முதலோடு சேர்த்துப் புது நோட்டு எழுதி வாங்குவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ரூபாய் 1928-இல் 544 ஆனது. 1931-இல் 739 ரூபாய்ச் சொச்சம். 1934-இல் 1,006. 1937-இல் 1,368. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அப்பாரு கையில் புதிதாக ஒரு தம்படி வரவில்லை. இடையில் 1929-க்குப் பிறகு உலகம் முழுக்க விலைவாசி விழுந்தது. நெல், பருத்தி, கடலை எல்லாம் பாதி விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நூறு ரூபாய் கட்ட முன்பு விற்றதைப் போல் இரண்டு பங்கு விற்க வேண்டும். கடன் பத்திரத்தில் மட்டும் எந்த எண்ணும் இறங்கவில்லை.

இது ஒரு குடும்பத்துக் கதை இல்லை. கோயமுத்தூர் ஜில்லா மேனுவலை எழுதிய பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1895-இல் சென்னை மாகாண விவசாயிகளின் கடன் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 1935-இல் சத்தியநாதன் என்ற அதிகாரி கணக்கெடுத்தபோது அது 200 கோடி. நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே குடியானவர்களுக்கு யார் கடன் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொன்னது அரசாங்கம். இரண்டு பெரிய தொகுதி அறிக்கை எழுதினார். அதன் சாரம்: ஒரு ரைஃபைசனைத் தேடுங்கள். ரைஃபைசன் என்பவர் ஜெர்மனியில் சிறு ஊர்களுக்கு மேயராக இருந்தவர். 1846-47 பஞ்சத்தில் ரொட்டி கொடுக்கும் சங்கத்தில் தொடங்கி, கடைசியில் கிராமக் கடன் சங்கங்களில் வந்து நின்றார். ஒருவரை ஒருவர் அறிந்த சின்ன ஊர். ஒருவன் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. அதில் சேர்ந்தவன் தனக்கு எவ்வளவு கடன், எதற்காக என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அவர்களும் அவனைக் கேலி பேசிவிட்டுப் போக முடியாது. அவன் விழுந்தால் அவர்கள் பையிலிருந்துதான் போகும். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் திரூர் கிராமத்தில் நம் மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. பின்னாளில் இந்தச் சங்கங்களில் அரசியல் புகுந்தது, நிலமில்லாதவன் கடைசிவரை வெளியிலேயே நின்றான். அதெல்லாம் தனிக்கதை. சங்கம் எங்கள் ஊருக்கு வரவும் ரொம்ப நாளாயிற்று.

1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள். 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அது செய்த காரியம் பெரியது. 1932 அக்டோபர் 1-க்கு முன்பு பட்ட கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருக்கும் வட்டி அத்தனையும் தள்ளுபடி, அசல் மட்டும் கட்டினால் போதும். அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே முடிந்தது. நோட்டை எத்தனை முறை மாற்றி எழுதியிருந்தாலும், முதன்முதலில் கையில் வாங்கிய தொகைதான் அசல். இனி வாங்கும் கடனுக்கு வட்டி வருஷத்துக்கு ஆறேகால் சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ரூபாய்க்கு மாதம் ஒரு தம்படி. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்ற 'தாம்துப்பட்' விதி தர்மசாஸ்திரங்களிலேயே உண்டு. அதைக் கோர்ட்டுக்குள் கொண்டுவந்த மாதிரிதான்.

அப்பாருவின் 1,368 ரூபாய், இந்தச் சட்டப்படி 400 ரூபாய்தான். ஆனால் சட்டம் தானாக வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. தீர்ப்பாகியிருந்த கடன் என்றால், அதைக் குறைக்கச் சொல்லிக் கடன்காரன் மனுப் போட வேண்டும். அப்பாரு மேல் தீர்ப்பு ஏற்கெனவே ஆகியிருந்தது. மனுப் போட்டால் கோர்ட்டில் டவாலி வெளியே வந்து மூன்று முறை பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். சந்தைக்கு வந்தவன் எல்லாம் கேட்பான்.

அப்போது என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயசு. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாரு அந்த இரண்டு மூன்று வருஷமாகக் கல்யாணம், காதுகுத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கோர்ட்டுக் காகிதங்களைப் பிரிக்காமலேயே குதிருக்குப் பின்னால் செருகி வைப்பார். ராத்திரி எழுந்து போய்த் தண்ணீரில்லாத அந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார். ஆத்தாதான் ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்து, குதிருக்குப் பின்னால் இருந்த காகிதங்களை எடுத்து அவர் முன்னால் போட்டார். "இவரு சொல்ல மாட்டாருங்க. நீங்களே படிச்சு என்னன்னு சொல்லுங்க." வாத்தியார் ஒரு சிலேட்டை எடுத்து யார் யாருக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அப்பாரு நான்கு பேர் என்றுதான் நினைத்திருந்தார். எழுதி முடித்தபோது ஏழு பேர் வந்தார்கள். ஜவுளிக் கடையும் செக்குக்காரரும் அதில் உண்டு. கூட்டினால், அவர் மனசில் வைத்துப் பயந்துகொண்டிருந்த தொகையை விடக் குறைவு! ஏழு பேர் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர் நன்றாகத் தூங்கினார் என்று அப்பா சொல்வார். எனக்கு அது ரொம்ப நாள் புரியவில்லை.

மனு போட்டார்கள். டவாலி கூப்பிட்டான். தீர்ப்பு 400 ரூபாயும் பிந்தைய காலத்துச் சொற்ப வட்டியுமாகக் குறைந்தது. கடன் கொடுத்தவருக்குக் கோபம்தான். அவரும் எங்கோ வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்திருந்தார். இருந்தாலும் தவணைக்கு ஒப்புக்கொண்டார். காடு தப்பியது.

அப்பாருவுக்கு ஒரு பங்காளி. அதே ஊர், ஏறக்குறைய அதே கடன், அதே சட்டம். வாத்தியார் அவரிடமும் போனார். "எம்பேர கோர்ட்டு வாசல்ல ஏலம் போடுறதா? வேண்டாமுங்க" என்றுவிட்டார். நோட்டில் எழுதியிருந்த தொகைக்கே காட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, ராவோடு ராவாகக் குடும்பத்தோடு கோயமுத்தூர் மில்லுக்குப் போனார். ஊர் நோம்பிக்குக்கூட அதன் பிறகு அவர் வரவில்லை. அவர் பேரன்களில் ஒருவரை 1980-களில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "எங்க தாத்தாவுக்கு எந்த ஊருங்க?" என்று என்னிடம் கேட்டார்.

சரி, மஞ்சள் கடுதாசி. அதன் சரியான பெயர் இன்சால்வென்சி பெட்டிஷன், ஐ.பி. என்போம். கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் கோர்ட்டு அறிவிப்பு மஞ்சள் தாளில் இருந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். சென்னை, கல்கத்தா, பம்பாய்க்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம். நம்மைப் போன்ற ஜில்லாக்காரர்களுக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். 2016-இல் புதிய திவால் சட்டம் வந்தும், சாதாரணத் தனிமனிதனுக்கான அதன் பகுதி நடைமுறைக்கு வராததால் இந்தப் பழைய சட்டம்தான் இன்னும் ஓடுகிறது. மனுவில் என்ன எழுத வேண்டும்? என்னால் கடனைக் கட்ட முடியவில்லை. இன்னார் இன்னாருக்கு இவ்வளவு. என் சொத்து இவ்வளவு. இதைக் கோர்ட்டின் கையில் ஒப்படைக்கிறேன். வாத்தியார் சிலேட்டில் எழுதிய அதே பட்டியல். கோர்ட்டு சொத்தை எடுத்துப் பங்கு வைக்கும். கைது செய்யாமல் பாதுகாப்பு கேட்கலாம். பிறகு ஒருநாள் விடுதலை கேட்டு மனுப் போடலாம்.

அப்புறம் ஏன் அது ஏச்சுச் சொல்லாயிற்று? நிலத்தை மச்சினன் பேருக்கு எழுதி வைத்துவிட்டு ஐ.பி. கொடுத்தவர்கள் இருந்தார்கள், அதனால்தான். சட்டத்துக்கும் அது தெரியும். இரண்டு வருஷத்துக்குள் செய்த அப்படிப்பட்ட கைமாற்றத்தை ரத்து செய்யலாம், கணக்கை மறைத்தால் ஜெயில். ஆனால் நான்கு மோசக்காரர்களால் நாற்பது நல்லவர்கள் கோர்ட்டுப் படி ஏறாமல் போனார்கள். அந்தச் சிரிக்கும் பொம்மைகளின் விலை இதுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஈரம் இருக்காது என்று நினைத்தேன். ஜப்தி செய்யக் கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தச்சன் கொல்லனின் கருவிகள், குடியானவனின் ஏர், மாடு, விதைநெல், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. அதாவது தாலி. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. பொழுது சாய்ந்து மறுநாள் விடியும்வரை கைதுக்காக வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஜெயிலில் வைத்தால் அவன் சாப்பாட்டுப் படியைக் கடன் கொடுத்தவன் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒன்று: கடனுக்காகக் கைதாகி வந்தவனிடம், "நீ இன்சால்வென்சி கேட்கலாம்" என்று கோர்ட்டே சொல்ல வேண்டும். வாய் திறக்க வெட்கப்பட்டு நிற்பான் என்று சட்டம் எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் இன்னும் ஒரு படி போனார். பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தில் கட்டாதவனைத்தான் ஜெயிலில் போடலாம். இல்லாமையால் கட்டாதவனைப் போட முடியாது என்று தீர்ப்பு.

1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து, தலைமுறைகளாக மனிதனைக் கட்டிவைத்த முன்பணக் கடன்களை இல்லாமல் செய்தது. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம். தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருப் பேச்சுச் சொற்கள் அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறின. வட்டிக்காரன் துன்புறுத்தி, அதனால் கடன்காரனோ குடும்பத்தாரோ உயிரை விட்டால், தூண்டியவன் அவனே என்று கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அப்படி ஒரு வரி எழுத வேண்டிய நிலைமை வருவதற்குள் எத்தனை வீடுகள் இருண்டிருக்கும்!

இன்றைய வட்டம் கைப்பேசிக்குள் இருக்கிறது. ஆப்பில் கடன் வாங்கினால் உன் போனில் உள்ள பெயர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் மெசேஜ் அனுப்புகிறான். மாபாரில் போட்ட அதே கோடு. இதற்கும் விதி உண்டு: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூல் ஆட்கள் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. போட்டோவை மாற்றி மிரட்டுகிறவன், போலி ஆப் வைத்திருப்பவன் என்றால் 1930-க்கு அடியுங்கள், சைபர் குற்றப் பிரிவு. நம் மாவட்டக் கோர்ட்டு வளாகங்களிலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, 15100. பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் வருமான வரம்பே கிடையாது.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய்விருந்து வைப்பார்கள். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, ஊரையே கூப்பிட்டு "எனக்குப் பணம் வேண்டும்" என்று சொல்லும் விழா அது. வந்த பணமெல்லாம் நோட்டில் ஏறும், திருப்பிச் செய்ய வேண்டும். யாரும் அங்கே தலைகுனிந்து நிற்பதில்லை. நம் கொங்குப் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ராத்திரி இரண்டு மணிக்குக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, தூக்கம் இல்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அந்த நேரத்தில் கணக்குப் போடாதீர்கள். 14416, அல்லது நம் மாநிலத்தின் 104. எந்த நேரமும் ஆள் எடுப்பார்கள், பேர் சொல்லக்கூட வேண்டியதில்லை. சென்னையில் 1986 முதல் 'சிநேகா' இதே வேலையைச் செய்துவருகிறது. வீட்டுக்காரியிடம், வீட்டுக்காரரிடம் மறைத்து வைத்திருப்பவர்கள், அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்று வைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பிக்கலாம். ஆத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே கீழே எதுவும் எழுத வேண்டாம், ஊரே படிக்கும். என் போன் எண் மாறவில்லை. மாலை 5 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். என்னிடம் பணம் கிடையாது, பென்ஷன்காரன். பேனாவும் நோட்டும் இருக்கின்றன. நம் பழைய மாணவரில் இரண்டு பேர் வக்கீல்கள், ஒருவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூவரிடமும் பேசிவிட்டேன், காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். வருகிறவர்கள் பாஸ்புத்தகம், அடகுச் சீட்டு, நோட்டு நகல், பிரிக்காத கவர்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்து வாருங்கள். அடுக்கி வைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை, இங்கே உட்கார்ந்து அடுக்கிக்கொள்ளலாம்.